கருணை மார்க்

இந்தக் காலத்து வாத்தியார்கள் பெற்ற அப்பனே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வைப்பார்கள் என்று லாரிக்காரர் சத்தமாகவே சொன்னார். உள்ளே அத்தனை பெஞ்சும் காலியாகக் கிடக்கிறது. வெளியே முக்கால் மணி நேரமாக அவர் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூட வருஷத்தின் கடைசி நாள். மார்க் அட்டையை வீட்டுப் பெரியவர்கள் நேரில் வந்துதான் வாங்க வேண்டும். கொடுக்கிற டீச்சர் ஒரு கையெழுத்து, வாங்குகிறவர் ஒரு கையெழுத்து. இரண்டையும் ஒரே ஆள் போடக் கூடாதாம். இந்தச் சட்டத்தை எந்தப் புண்ணியவான் போட்டானோ!

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எடை மேடைச் சீட்டிலிருந்து டாக்டர் சீட்டு வரை, அடுத்தவன் எழுதிக் கொடுத்த எதையும் அவர் நம்பியதில்லை. மார்க் அட்டையை மட்டும் நம்பிவிடுவாரா என்ன?

பேத்தி நேற்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். கணக்கில் முப்பத்தெட்டு, நாற்பது இருந்தால்தான் பாஸ். இனி விடுமுறை முழுக்கப் பள்ளிக்கூடம் வந்து மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அதுவும் போனால் ஒன்பதாம் வகுப்பே கதி. "அழாதே கண்ணு, அந்த ரெண்டு மார்க்கைத் தாத்தா வாங்கிட்டு வர்றேன்" என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

முன்னால் நின்ற தையல்காரர் பேச்சுக் கொடுத்தார். "பிள்ளையோட அம்மா அப்பா வரலீங்களா?"

"மாப்பிள்ளைக்கு வெளியூர்ல உத்தியோகம். என் மக விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பிட்டா. பெத்த பிள்ளையைவிட அவளுக்கு வேலைதான் பெருசு."

அதற்குள் தையல்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம பய கணக்குல முப்பத்தேழுதாங்க. டீச்சர் மூணு மார்க் போட்டுத் தேத்திவிட்டுட்டாங்க! கருணை மார்க்காம். மூணு வரைக்கும் அவங்களே போடலாமாம்."

"நீங்க கேட்டீங்களா?"

"வாயே திறக்கல. தங்கமான டீச்சருங்க."

"தங்கமா பித்தளையான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று லாரிக்காரர் உள்ளே நுழைந்தார். மூன்று போட்ட கை இரண்டு போடாதா?

டீச்சர் எழுந்து, எதிரே கிடந்த நாற்காலியைத் தூக்கித் தனக்கு வலப்பக்கம் போட்டாள். அதில் உட்கார்ந்தால் அவருடைய இடது காது டீச்சர் பக்கம் இருந்தது. வலது காது ஹாரன் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது. பக்கத்து மேசையில் தலைமையாசிரியர் ஒவ்வொரு அட்டையிலும் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"கணக்குல முப்பத்தெட்டுங்க. லீவுல தினமும் காலையில வகுப்புக்கு அனுப்பிடுங்க."

"ரெண்டு மார்க் போடுங்க. அனுப்பற வேலையே இல்ல." வாசலில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே பேசினார்.

"போட முடியாதுங்க."

"தையக்காரர் பையனுக்கு மூணு போட்டீங்களே, அது யார் வீட்டு மார்க்கு?"

டீச்சரின் பேனா நின்றது. "அந்தப் பையனுக்குப் போடலாம். இந்தப் பிள்ளைக்கு நான் போடக் கூடாது."

"ஏன்? இவ மட்டும் என்ன பாவம் பண்ணினா?"

"அவ ஒண்ணும் பண்ணல." டீச்சரின் குரல் இறங்கியது. "காலையிலயாவது ஏதாவது சாப்பிட்டாளா?"

"அக்கறை பொங்குது! கதவையே திறக்கல. ரெண்டு மார்க் போட்டுப் பாருங்க, எழுந்து ஓடி வந்து சாப்பிடுவா."

டீச்சர் நிமிரவில்லை. அட்டையை அவர் பக்கம் நகர்த்தி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

தலைமையாசிரியர் முத்திரையைக் கீழே வைத்தார். "பெரியவரே, டீச்சர் நியாயமாத்தான் நடந்துக்கறாங்க."

"நியாயமா! முப்பத்தேழு பாஸு, முப்பத்தெட்டு பெயிலு. இது எந்த ஊர்க் கணக்குங்க? இந்தக் கணக்கைப் படிச்சவங்ககிட்டப் படிச்சா எங்க பிள்ளை எப்படி உருப்படும்?"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியரே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையில் காட்டிய இடத்திலிருந்து விரலை எடுக்கவும் இல்லை.

லாரிக்காரர் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சிவப்புக் கோடு போட்டிருந்த அந்த அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார்.

வராந்தாவில் தையல்காரர் சமாதானத்துக்கு வந்தார். "விடுங்க பெரியவரே. மூணு போட்டவங்க ரெண்டு போடலேன்னா ஏதாவது காரணம் இருக்கும்."

"காரணமாம், மண்ணாங்கட்டி!"

விறுவிறுவென்று நடந்தார். வகுப்பின் கடைசி ஜன்னலைத் தாண்டும்போது, நடையை நிறுத்தாமலும் திரும்பிப் பார்க்காமலும், டீச்சருக்குக் கேட்கட்டும் என்று குரல் கொடுத்தார்:

"சாயங்காலம் வீட்டுக்கு வா, உங்கம்மாகிட்ட சொல்றேன்!"