கோணல் வகிடு

காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

தலை திடீரென்று குளிர்ந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். விக் இல்லை.

அதற்குள் அவள் கணவன் சேந்தன் ஓட ஆரம்பித்திருந்தான். அவன் இப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. கோழி பிடிக்கிறவன் மாதிரி குனிந்தான், தாவினான், கோட்டைவிட்டான், மறுபடி ஓடினான். அவனுக்கு முன்னால் மணலில் கறுப்பாக உருண்டு போய்க்கொண்டிருந்தது விக்.

அரிசோனாவில் காலை ஏழு மணி. நான்கு நாளில் இது மூன்றாவது பாலைவனப் பூங்கா. பகலெல்லாம் கார், இருட்டினால் கூடாரம், விடிந்ததும் ட்ரெக்கிங். திட்டம் முழுக்க அவளுடையது. கீமோ முடிந்தது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே உட்கார்ந்து போட்டாள்.

விக் வாங்கியது அம்மாவுக்காக.

விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. எட்டு மாதமாக வீடியோ காலில் அம்மா பார்த்ததெல்லாம் அந்த முடியைத்தான். இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே, என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டும்விட்டாள். தேங்காயெண்ணெய்தான் என்று இவளும் சொல்லிவைத்தாள்.

பிறகு வெளியே எங்கே கிளம்பினாலும் அதில்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

தூரத்தில் சேந்தன் நின்றுவிட்டான். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான்.

அவள் நடந்து போய்ப் பார்த்தாள்.

ஒரு கள்ளி. ஏறக்குறைய அவள் உயரம். கிளை எதுவும் இல்லாமல் நெட்டுக்குத்தாக நின்றது.

அதன் உச்சியில் விக் உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துச் செய்தது போல. வகிடு மட்டும் கொஞ்சம் கோணல்.

சேந்தன் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவளால் முடியவில்லை. மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. ஒருவழியாக நிறுத்தி, நிமிர்ந்து, கள்ளியைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள். இப்போது அவனும்.

முள்ளுக்கு நடுவே அவன் கையை விடப் போனான்.

"இருங்க. அதுக்கு நல்லாத்தான் இருக்கு. போகும்போது எடுத்துக்கலாம்."

பாறைக்கு மேலே வெயில் ஏறி வந்தது. அவள் தலையில் அரை அங்குலம் முடி முளைத்திருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு போனை எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு கோடு.

விருதுநகரில் மாலை ஏழரை ஆகியிருக்கும். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைகிற நேரம்.

அவள் யாரை அழைக்கப் போகிறாள் என்பது சேந்தனுக்குப் புரிந்துவிட்டது. விக்கை எடுத்துத் தரட்டுமா என்று மெல்லக் கேட்டான்.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையும் முழுசாகத் தெரிகிற மாதிரி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

மூன்றாவது மணியில் அம்மா எடுத்தாள்.