முள் காட்டிய முப்பது

"முப்பதுல போனானாம்லா, முப்பதுல! முப்பது மைல்ல போற காரு ஆளைத் தூக்கிப் பதினைஞ்சடி வீசுமா வே?"

தாராவி சாயாக்கடையில் நாகூர் கனி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக் பூதத்தானும் சிரித்து வைத்தான். சிரிக்காவிட்டால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

டிரைவர் வானமாமலைக்கு அன்று காலையில்தான் ஒரு வருஷ ஜெயில் என்று தீர்ப்பாகியிருந்தது. முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாத செம்பூர் ரோட்டில் அவர் ஓட்டிவந்த கார் மோதி, சைக்கிளில் போன பால்காரர் செத்துப்போனார். பிரேக் தடத்தை அளந்த இன்ஸ்பெக்டர், வண்டி நாற்பதை ஒட்டி வந்திருக்கிறது என்றார். வானமாமலை கடைசிவரை ஒரே பாட்டு.

"எசமான், முள்ளு முப்பதுலதான் இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"செஞ்சதை ஒத்துக்கிட்டாலாவது ஆறு மாசத்தோட போயிருக்கும்" என்றார் கனி. "ஜட்ஜுகிட்டயே ஜூட் பேசினா, பொய் சொன்னா விடுவாரா?"

"குடிச்சிருப்பான் வே" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

பூதத்தான் டீ தம்ளரைக் கீழே வைத்தான். வானமாமலை சொன்னது பொய்யில்லை என்று தெரிந்த ஆள் அந்தக் கடையில் அவன் ஒருத்தன்தான்.

விபத்துக்கு ஒன்பது நாள் முன்னால் அந்தக் காருக்கு டிப்பரன்ஷியல் மாற்றியவன் அவன். பின் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பல்சக்கரப் பெட்டி அது. பழையதில் பல் உடைந்துபோயிருந்தது. ஓனர் மாதுங்கா சங்கரநாராயணன், மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று தலைமேல் நின்றார். குர்லாவில் உடைக்கப் போட்டிருந்த வேறொரு காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினான்.

இரண்டுக்கும் பல் கணக்கு வேறு. புதிதாக மாட்டியதில் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றும். ஸ்பீடாமீட்டருக்கும் மைல் கணக்குக்கும் போகிற கேபிள் சக்கரத்திலிருந்தா வருகிறது? கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பெட்டி மாறிய சங்கதி அதற்கு எப்படித் தெரியும்? பழைய கணக்கையே காட்டும். முள் முப்பதில் நிற்கும், வண்டி முப்பத்தேழில் ஓடும்.

கேபிள் அடியில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும். அது கைவசம் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். வானமாமலையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள்!

கோர்ட்டில் போய் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தான். சொன்னால் பட்டறைக்குப் பூட்டு, அவனும் உள்ளே. வீட்டில் மனைவி பேராச்சியும் மூன்று பெண்பிள்ளைகளும். வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆனால் மனசாட்சிக்கு யார் பூட்டுப் போடுவது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வானமாமலை வீட்டுக்குப் போய் நின்றான். தெருப்பிள்ளைகள் கதவில் சாக்பீஸால் 'முப்பது' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

வானமாமலையின் மனைவி பார்வதியம்மாள் ஜெயிலுக்குப் போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"மதினி, அண்ணாச்சி பொய் சொல்லல. அந்த முள்ளுதான் பொய் சொல்லிச்சு. அதுக்குக் காரணம் நான்தான்" என்று ஆரம்பித்தவன், ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு அழுதான்.

அவள் திட்டவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினாள்.

"உங்க அண்ணாச்சிக்குத் தெரியும் தம்பி."

"தெரியுமா? எப்பம்?"

"கேஸு நடக்கையிலயே. தெனம் ஓடின மைலை நோட்டுல எழுதுவாவல்லா? மாதுங்காவுலேருந்து ஆபீசுக்கு அஞ்சு மைலு காட்டுத வண்டி, நீங்க ரிப்பேர் பாத்த பொறவு நாலுதான் காட்டியிருக்கு. யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டாவ. வண்டியில ரிப்பேர் ஏதும் நடந்துச்சான்னு வக்கீலுகூடக் கேட்டாரு. ஒண்ணும் நடக்கலைன்னுட்டாவ."

"ஏன் மதினி?"

பார்வதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பால்காரர் வீட்டு அடுப்பு அணைஞ்சாச்சு, நம்ம வீட்டு அடுப்பும் அணையப்போவுது. மூணாவதா பூதத்தான் வீட்டு அடுப்பையும் அணைக்கச் சொல்லுதியா?'ன்னாவ."