பத்தாவது புள்ளி

கட்டம் போட்ட தாளில் பத்துப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தொட்டிச் செடி. தண்ணீர் கூடினால் வலப்பக்கம், உயரம் கூடினால் மேலே. ஒன்பது புள்ளிகள் படிபோல் ஏறின. அதிகத் தண்ணீர் குடித்த பத்தாவது மட்டும் அடியில் கிடந்தது.

“உன்னால் என் கோடு சாய்கிறது,” என்றது பென்சில்.

“என் செடியின் வேர் அழுகிவிட்டது அண்ணே. அதையும் அளந்துதானே வைத்தீர்கள்?”

“ஒன்பது பேர் ஒழுங்காக நிற்கும்போது உனக்கு மட்டும் என்னடா வீம்பு?” என்ற ரப்பர் அதைத் தேய்த்து அழித்தது. கோடு நேராக மேலே ஏறியது.

அந்தக் கோட்டைப் பார்த்து, செடி வளர்ப்பவர்கள் எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீரைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் ஒன்பது புதுப் புள்ளிகள் பத்தாவது கிடந்த அடிப்பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன.

“இங்கே முன்பே யாரோ இருந்த தடம் தெரிகிறதே,” என்றது ஒன்று.

ரப்பர் நகர்ந்து வந்து அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.