பெயர் வைக்காத ஆடுகள்

ஹரோ என்ற ஊருக்கு அப்பால் ஞானசீலன் வேலை செய்யும் பண்ணைக்கு வரும்போதெல்லாம், அவன் மனைவி அஞ்சலீனா ஆடுகளின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். கறியாகப் போகிற சீவனோடு பழகினால் பிறகு சோறு இறங்காது. மான்களைத்தான் பார்ப்பாள். கழுத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்த பெண்மானுக்கு ராசாத்தி என்று பெயரும் வைத்து, வேலியோரம் ஆப்பிள் போட்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, மானுக்கெண்டு விதைச்ச பயிரிலை ஏன் ஆட்டை விடுறியள்?"

"ஆடு முத்தினதைக் கடிச்சால்தான் தளிர் வரும். தளிருக்குத்தான் மான் வரும்."

"நல்லாச் சாப்பிடட்டும். ஆடுகள்தான் பாவம். எப்ப வெட்டுவினம்?"

"ஆரை, ஆட்டையோ?" ஞானசீலன் சிரித்தான். "உதுகள் இஞ்சை வேலைக்கு நிக்கிறதுகள். வேலைக்காரரை ஆர் வெட்டுறது?"

"அப்ப, கிறிஸ்மசுக்கு முதலாளி தந்த இறைச்சி?"

அவன் எதிரே இருந்த மரத்தைக் காட்டினான். அதன்மேல் ஏணி சாய்த்த பரண் ஒன்று இருந்தது.

"நவம்பரிலை அதிலை துவக்கோடை குறிபாத்து இருப்பினம். பின்னை, சும்மாவோ இவ்வளவு சாப்பாடு போடுறது?"

வேலியோரம் ராசாத்தி வந்து நின்றது. அஞ்சலீனா கையிலிருந்த ஆப்பிளைக் கல்லெறிவதுபோல் அதன்மேல் எறிந்தாள்.

"போடி! ஓடு!"

ராசாத்தி ஓடவில்லை. காலடியில் விழுந்த ஆப்பிளைத் தின்று முடித்து, அடுத்ததுக்காக அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.