ஆறு வாரம் ஐந்து நாள்

“தாரீக் கலத் ஹை, மேடம். ஃபைல்ல இருக்கிற தேதி தப்பு. மாத்தி எழுதுங்க.”

எதைக் கேட்கவே கூடாது என்று ஒன்பது மாதமாகச் சொல்லிவைத்தார்களோ, அதைத்தான் கேட்டேன்.

மேஜைக்கடியில் என் கணவன் ராஜவேல் காலை மிதித்தான். பின்னால் மாமியார் கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

நேற்றிலிருந்து குழந்தை சரியாக அசையவில்லை. ஸ்கேனில் தண்ணீர் கொஞ்சம் குறைவு. ஃபைல்படி முப்பத்தேழு வாரம்தானே, மூன்று நாள் கழித்து வா என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

முதல் முறை வந்தபோது, கடைசியாக விலக்கான தேதி கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் ராஜவேல் இந்தியில் சொன்னான்: எட்டு ஜனவரி.

என் உடம்பு. அவன் தேதி.

“கொஞ்சம் பொறேன், இளவரசி. அக்டோபர் பத்து தாண்டட்டும், கணக்கு சரியாயிடும்,” என்றான் இப்போதும்.

“வம்சத்துக்கே முதல் டிகிரி வாங்கினவ. டாக்டருக்கே கணக்குச் சொல்லித் தர்றா,” என்றார் மாமியார்.

கணக்கேதான் படித்தேன். பி.எஸ்ஸி.

நான்காய் மடித்து பர்ஸில் வைத்திருந்த சீட்டை மேஜையில் விரித்தேன். ஜனவரி முப்பது அன்று, யாருக்கும் சொல்லாமல், டில்லி முனிர்காவில் நான் தனியாகப் போய் எடுத்த ஸ்கேன். ஆறு வாரம் ஐந்து நாள்.

டாக்டர் நாள் பார்க்கும் அட்டைச் சக்கரத்தைச் சுழற்றினாள். மறுபடி சுழற்றினாள்.

இன்றைக்கு நாற்பத்தொரு வாரம் இரண்டு நாள்.

இனிக் காத்திருக்க முடியாது. இப்போதே ஜெல் வைத்துக் கர்ப்பவாயை இளக்க வேண்டும். வலி வராவிட்டால் டிரிப்பில் மருந்து. சொல்லிக்கொண்டே படிவத்தை, பழக்கத்தில், ராஜவேல் பக்கம் தள்ளினாள்.

அவன் தொடவில்லை.

நான் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை ஆட்டோவில் வரும்போதே கையில் எடுத்துவிட்டிருந்தேன்.

“லோதி ரோடு குவார்ட்டர்ஸே விரல் விட்டு எண்ணுமேடி. என்னன்னு சொல்றது?”

“மார்கழின்னு சொல்லுங்க, அத்தை.”

மார்கழி ஆகாது என்று கல்யாணத்தைத் தைக்குத் தள்ளியது அவர்தான். அந்த ஸ்கேன் எடுத்த அன்று எனக்குத் தாலி ஏறிப் பதினோரு நாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு லேபர் ரூமுக்கு நடந்தேன்.