நாற்பது அடி

அவள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்கள்.

மாஜிஸ்திரேட் அறையில் புரொஜெக்டர் கிடையாது. ஜன்னல் இருந்தது. கிளார்க் தணிகாசலம் அரக்கு முத்திரையை உடைத்து, பிலிம் சுருளை அவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

நாற்பது அடி.

சென்சார் பார்த்து ‘ஏ’ சர்டிபிகேட் கொடுத்த படத்தில் இந்த நாற்பது அடி இல்லை. தியேட்டர்காரன் நடுவில் ஒட்டிக்கொண்டது. ஊரில் அதற்குப் பிட்டு என்று பெயர். வழக்கு அவன் மேல். அவள் வெறும் சாட்சி.

வெறும் சாட்சியாம்.

படத்தில் அவள் கதாநாயகியின் தோழி. மூன்றே காட்சி. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நடித்தாள். தியேட்டர்காரன் போஸ்டரில் அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டான். ஊருக்கு அது போதாதா? பிட்டில் வருவது அவள்தான் என்று, பார்க்காதவர்கள்கூடச் சத்தியம் செய்தார்கள்.

அப்படி எதிலும் தான் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் உடை மாற்றும் இடம் என்று ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் தட்டி. தட்டியில் ஓட்டை. எவனாவது எடுத்திருந்தால்? ஆறு வருடமாக இந்த ஒரு கேள்வி அவளைத் தின்றது.

கணவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் கொடுமை. இப்போதும் ஜன்னலுக்கு வெளியே, டைப்பிஸ்டுகளின் குடைக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கண்ணாடியைப் பிலிம் மேல் வைத்தாள். தபால்தலை அளவுக் கட்டங்கள்.

தட்டி.

அதே தட்டி.

முதுகு. நீளப் பின்னல். அவளுக்கும் அப்போது அத்தனை நீளம்.

தணிகாசலம் தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிலிமை நகர்த்தினார். நல்ல மனுஷன்.

கட்டம் கட்டமாக அந்தப் பெண் திரும்பினாள். தோள். காது. தாடை.

முகம்.

அவள் இல்லை.

அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். இல்லவே இல்லை.

அப்பாடா.

மேசையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தோம் என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“நான் இல்லீங்கய்யா.”

குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். மாஜிஸ்திரேட் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

ஜன்னல் வழியே கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார்.

“அப்போ யாருன்னு தெரியுமாம்மா? பேரும் ஊரும் சொன்னா போதும். சம்மன் அனுப்பிக் கூப்பிட்டுக்கலாம்.”

கண்ணாடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

பிலிமில் அந்தப் பெண் ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கேமரா இருப்பது தெரியாது அவளுக்கு. பக்கத்தில் நிற்கும் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

யாரிடம் என்று இவளுக்குத் தெரியும். ஒரு முழம் தள்ளி, கட்டத்துக்கு வெளியே, இவள்தான் நின்றிருந்தாள். அந்த ஒரு முழம்தான்.

பிலிமில் இருப்பது குணவதி. குரூப் டான்ஸில் கடைசி வரிசை. இப்போது பண்ருட்டியில். பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகப் போன மாதம் கடிதம் போட்டிருந்தாள்.

“தெரியாதுங்கய்யா.”

இந்த முறை குரல் கணீரென்று வந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். தணிகாசலம் பிலிமைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“இதை என்ன பண்ணுவீங்க?”

“கேஸ் முடிஞ்சதும் பின்னாடி போட்டு எரிச்சிருவோம்.”

“எரிக்கிறப்ப எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வரணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீ இல்லைன்னுதான் ஆயிடுச்சே. உனக்கு எதுக்கும்மா?”

“தேதியை மட்டும் சொல்லுங்க,” என்றாள்.