மதிவாணனின் கார்ன் ஷெல்

"பாஷ் போட்டீங்கன்னா நாளைக்கே பேப்பர் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

மதிவாணன் கத்தியது அந்தக் கும்மிடிப்பூண்டி உருக்காலையின் கம்ப்யூட்டர் ரூமைத் தாண்டி, கான்டீனில் கை கழுவுகிறவர்களுக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்கு மற்றவர்கள் சொன்னார்கள்.

2003. பழைய யூனிக்ஸ் மெஷின் போய் லினக்ஸ் வந்திருந்தது. கறுப்புத் திரையில் தட்டும் கட்டளையை வாங்கி மெஷினிடம் சொல்கிற புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். பதினோரு வருடமாக மதிவாணனுக்குக் கார்ன் ஷெல்தான். பாஷ் ஷெல் வேண்டும் என்றவள், சேர்ந்து ஆறே மாதமான ஹேமாவதி.

"பாஷ்ல டேப் கீ தட்டுனா ஃபைல் பேரு தானா வருது சார். இன்னா கஷ்டம் உங்களுக்கு?"

"பேரு ஞாபகம் இல்லாதவங்களுக்கு அது. கார்ன்ல எஸ்கேப் தட்டி கே தட்டு, போன கமாண்டு வந்து நிக்கும். என் வெரலு வேற எதுலயும் ஓடாதும்மா."

மேனேஜர் சஹாபுதீனுக்குப் பேஜாராகிவிட்டது. மதிவாணன் போனால் தினசரி ரிப்போர்ட் எடுக்க ஆளில்லை.

"ரெண்டு பேரும் புது மெஷின்ல உக்காருங்க. போன மூணு மாசத்துல ஃபர்னஸ் எத்தினி வாட்டி நின்னுச்சுன்னு யாரு மொதல்ல எடுக்கறீங்களோ, அவங்க ஷெல்லுதான் எல்லாருக்கும்."

"லாகின் ரெண்டும் நானே ரெடி பண்றேன் சார்," என்றாள் ஹேமாவதி.

"எனக்குப் பழகின மாதிரி இருக்கணும்," என்றார் மதிவாணன்.

"அப்படியே இருக்கும் சார்."

சாப்பாட்டுக்குப் பிறகு போட்டி. மதிவாணன் நாலே நிமிடத்தில் முடித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"பாத்தியாம்மா. இதான் கார்ன்."

"ஒத்துக்கறேன் சார்."

அதன் பிறகு ரிப்போர்ட் எடுக்க அவர் கார்னில் எழுதி வைத்திருந்த பழைய ஸ்கிரிப்டுகளையெல்லாம் ஹேமாவதியே ஒவ்வொன்றாகத் திருத்திப் புது மெஷினில் ஏற்றிக் கொடுத்தாள். தோற்றவள் செய்ய வேண்டியதுதானே என்று கான்டீன் தீர்ப்புச் சொன்னது. மதிவாணனோ பொன்னேரி ரயிலில் மீன் கூடைக்காரர்களைக் கூட விடாமல் அந்த நாலு நிமிடத்தை விவரித்துக்கொண்டு வந்தார். நடை கூட மாறிவிட்டது.

அடுத்த தையில் ஹேமாவதி கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்த செண்பகம், மதிவாணனின் பெருமையை ஒரு மாதம் கேட்டுவிட்டு அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சாரோட கார்ன் ஷெல்லை மெஷின் பூரா தேடிட்டேன். எங்க இருக்கு?"

"அதை நான் போடவே இல்லம்மா. அந்த எஸ்கேப், கே மட்டும் பாஷ்லயே ஓடற மாதிரி மாத்தி வச்சேன்," என்றாள் ஹேமாவதி. "அன்னிக்கு அவரு என்னை ஜெயிச்சதே பாஷ்லதான்."